இரண்டு வாங்கினால் போதுமா?

“சர்வர் வேலை செய்யவில்லை. மதியத்துக்கு மேல் வாருங்கள்.”

வங்கியிலோ அஞ்சலகத்திலோ ரயில் முன்பதிவு நிலையத்திலோ இந்த வாசகத்தைக் கேட்காத மாணவர் யாரும் இருக்க முடியாது. கையில் படிவத்தோடு நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கவுண்டருக்குள் இருப்பவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தேநீர் குடிக்கப் புறப்படுவார். அவர் மேல் தவறில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு திரையும் விசைப்பலகையும்தான். கணக்கெல்லாம் வேறெங்கோ ஒரு கணிப்பொறியில் இருக்கிறது. அது நின்றால் இவரும் நிற்க வேண்டியதுதான்.

சர்வர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவர். பொருத்தமான பெயர்தான். பல மேசைகளிலிருந்தும் வரும் வேண்டுகோள்களைக் கேட்டு, கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்தக் கணிப்பொறியின் வேலையும். ஒரு வித்தியாசம் உண்டு. ஓட்டலில் ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றொருவர் அந்த மேசையையும் பார்த்துக்கொள்வார். கணிப்பொறி விடுப்பு எடுக்கும்போது அவ்வாறு நடக்க வேண்டுமானால், அதற்கு முன்கூட்டியே வழி செய்து வைத்திருக்க வேண்டும்.

என்ன வழி? யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: “எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கி வையுங்கள். ஒன்று போனால் மற்றொன்று.” விற்பவரும் இதையே சொல்கிறார். வாங்குபவரும் இதையே நம்புகிறார். இது பாதி விடைதான் என்பது என் கருத்து. மீதிப் பாதியைத் தேடாமல் விட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய கல்லூரியில் தேர்வுக் கட்டணத்துக்கும் மதிப்பெண் பதிவுக்கும் ஒரு சர்வர் வாங்கினோம். கொள்முதல் குழுவில் நானும் இருந்தேன். அதில் இரண்டு பவர் சப்ளைகள். ஒன்று பழுதானால் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்கும். இரண்டு ஹார்டு டிஸ்குகள். ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே கணத்தில் மற்றொன்றிலும் எழுதப்படும். பின்னால் ஒரு பெரிய யூ.பி.எஸ். “இது நிற்கவே நிற்காது, சார்” என்றார் பொருத்த வந்தவர். நானும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. அலுவலக அறையில் புழுக்கம் தாங்காமல் யாரோ ஒரு மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து, சர்வருக்குப் பின்னால் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினார்கள். விசிறியின் வயரில் எங்கோ பழுது. ‘பட்’டென்று ஒரு சத்தம். பாக்ஸின் பியூஸ் போயிற்று. யூ.பி.எஸ். பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் மட்டும் அணைந்து கிடந்தது. குனிந்து பார்த்தோம். இரண்டு பவர் சப்ளைகளின் வயர்களும் அந்த ஒரே பாக்ஸில்தான் செருகப்பட்டிருந்தன!

பியூஸ் மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. ஆனால் பதிவுகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றதால் கட்டணக் கணக்கு குழம்பிவிட்டது. எது கட்டியது, எது கட்டாதது என்று சரிபார்த்து எழுப்புவதற்குள் மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த ஒரு மாணவியும் அவருடைய தந்தையும் நாளெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊருக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று கட்டாமலே கிளம்பினார்கள். கெடுவை ஒரு நாள் நீட்டித்தோம் என்பது உண்மை. அந்தத் தந்தைக்கு இன்னொரு நாள் கூலி போனதும் உண்மை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று படம் வரைந்து பாடம் நடத்துகிறவன் நான். பக்க இணைப்பில் ஒரு விளக்கு அணைந்தாலும் மற்றது எரியும்; தொடர் இணைப்பில் ஒன்று அணைந்தால் எல்லாம் அணையும். இது உங்களுக்கே தெரியும். இரண்டு பவர் சப்ளைகளும் பக்க இணைப்பில் இருந்தன. அவற்றுக்கு முன்னால் இருந்த பாக்ஸோ தொடர் இணைப்பில் இருந்தது. அது என் கண்ணில் படவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கணிப்பொறி நூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பழுதாகிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 99 சதவீத நேரம் வேலை செய்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேர்வில் 99 வாங்கினால் மாலை போடுவோம். ஆனால் ஆண்டுக்கு 365 நாளில் ஒரு சதவீதம் என்பது 3.65 நாள்! இப்போது அதே போன்ற மற்றொன்றைப் பக்கத்தில் வைக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகிக் கிடந்தால்தான் சேவை நிற்கும். அதற்கான நிகழ்தகவு 1/100 × 1/100 = 1/10,000. ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம். மூன்றரை நாளை ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கிவிட்டோம். விற்பவர் காட்டும் கணக்கு இதுதான். இதில் பொய் இல்லை.

ஆனால் இவ்விரண்டுக்கும் முன்னால், ஆயிரம் மணி நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டுமே பழுதாகும் நல்ல பாக்ஸ் ஒன்று தொடர் இணைப்பில் இருக்கட்டும். அதனால் வரும் நிறுத்தம் ஆண்டுக்கு 8.76 மணி நேரம். லட்சக்கணக்கில் செலவழித்து 53 நிமிடத்துக்குக் கொண்டுவந்ததைச் சில நூறு ரூபாய்ப் பாக்ஸ் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஏற்றிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிகழ்தகவுகளைப் பெருக்கலாம் என்று எப்போது சொல்கிறோம்? இரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்கும்போது மட்டுமே. கணக்குப் புத்தகத்தில் இந்த நிபந்தனை ஒரு வரியில் இருக்கும். நாமும் அதை வேகமாகத் தாண்டிவிடுவோம். சர்வர் வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒன்று விழுகிற அதே காரணத்தால் மற்றதும் விழுமானால், பெருக்கலுக்கு அங்கே இடமே இல்லை. 1/100 என்பது 1/100 ஆகவே நின்றுவிடும்.

இதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வருவது வேடிக்கை.

முதலாவது, ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள குரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியர்களின் ஏரியான் 5 முதல் முறையாகக் கிளம்பியது. அதன் திசையையும் வேகத்தையும் அளந்து சொல்ல இரண்டு கணிப்பொறிகள். ஒன்று பழுதானால் மற்றொன்று ஏற்றுக்கொள்ளும். இரண்டிலும் ஒரே நிரல், முந்தைய ஏரியான் 4-க்கு எழுதப்பட்டது. பக்கவாட்டு வேகம் சம்பந்தப்பட்ட ஓர் எண்ணை 16 பிட் இடத்தில் அடைக்க வேண்டியிருந்தது. 16 பிட்டில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விட்டால், எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. ஏரியான் 5-இன் பாதை வேறு. எண் அதைத் தாண்டியது. கணிப்பொறி நின்றது. சரி, மாற்றுக் கணிப்பொறி என்ன ஆயிற்று? அதே நிரல், அதே எண். அது 72 மில்லி வினாடிக்கு முன்பே அதே காரணத்தால் நின்றுவிட்டிருந்தது! கிளம்பிச் சுமார் 40 வினாடியில் ராக்கெட் சிதறியது.

இரண்டாவது, நம் பொருளுக்கு நேராகவே வருவது. சர்வர்களில் பயன்படும் சில வகை மின்னணு டிஸ்குகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்று ஹியூலெட் பேக்கார்டு எண்டர்பிரைஸ் நிறுவனம் 2019 நவம்பரில் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது. டிஸ்குக்குள் இருக்கும் நிரலில் பிழை. 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. 24-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். இப்போது ஒரு முதலாளி ‘ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்’ என்று இரண்டு டிஸ்குகள் வாங்கி, இரண்டையும் ஒரே நாளில் பொருத்தி ஓட விட்டிருந்தால்? இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்ணை மூடிவிடும். நல்ல வேளையாக, திருத்திய நிரலையும் அந்நிறுவனமே கொடுத்தது.

இடமும் இப்படித்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடிச் சர்வர் கட்டடம் ஒன்று எரிந்து சாம்பலாயிற்று. தங்கள் பதிவுகளுக்குப் பிரதி எடுத்து வைத்திருந்தவர்கள் சிலரும் அன்று எல்லாவற்றையும் இழந்தார்கள். பிரதியும் அதே கட்டடத்திலேயே இருந்ததுதான் காரணம்.

அப்படியானால் இரண்டு வைப்பதே வீணா? இல்லை. வைக்கத் தெரிந்து வைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜேம்ஸ் டிரெய்பிக் என்பவர் 1974-இல் சில நண்பர்களோடு டாண்டம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஒருவர் பின் ஒருவராக இருவர் மிதிக்கும் சைக்கிளுக்கு அந்தப் பெயர் உண்டு. வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் நிற்காத கணிப்பொறி செய்து தருவதே அதன் ஒரே நோக்கம். ‘நான்ஸ்டாப்’ என்ற பெயர் கொண்ட முதல் கணிப்பொறி 1976-இல் சிட்டிபேங்க் வங்கிக்குப் போயிற்று. நிறுவனம் கை மாறிக் கை மாறிப் போனாலும் அந்தப் பெயரில் இன்றும் கணிப்பொறிகள் விற்பனையாகின்றன.

அதற்குள் இரண்டு முதல் பதினாறு செயலகங்கள் வரை வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். அவற்றை இணைக்கும் பாதைகள் இரண்டு. ஒவ்வொரு டிஸ்குக்கும் இரண்டு வழிகளில் போகலாம். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது வேறொன்று. முக்கியமான ஒவ்வொரு நிரலுக்கும் வேறொரு செயலகத்தில் ஒரு துணை நிரல் உண்டு. முதல் நிரல் வேலை செய்துகொண்டே, “இதுவரை இவ்வளவு முடித்திருக்கிறேன்” என்று துணைக்கு அவ்வப்போது செய்தி அனுப்பும். துணை அதைக் குறித்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் கதை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எப்போதும் மனத்தில் வைத்திருப்பார் அல்லவா, அதுபோல. முதல் நிரல் இருந்த செயலகம் பழுதானால், துணை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அது பழுதானது துணைக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு செயலகமும் வினாடிக்கு ஒருமுறை மற்ற எல்லாவற்றுக்கும் “நான் இருக்கிறேன்” என்று சொல்லும். இதைப் பொறியாளர்கள் ‘இதயத் துடிப்பு’ என்கிறார்கள். துடிப்பு வராவிட்டால் ஆள் இல்லை என்று பொருள். மேலும், ஒரு செயலகம் தனக்குள் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தால் தட்டுத்தடுமாறி ஓட முயலாது, உடனே நின்றுவிடும். அரைகுறையாக வேலை செய்து தவறான விடை தருவதைவிட நின்றுபோவது மேல். வங்கிக் கணக்கில் ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து என்னை மடக்கலாம். “சார், டாண்டத்திலும் துணை நிரல் முதல் நிரலின் பிரதிதானே? ஏரியானில் இரண்டும் ஒரே பிழையால் விழுந்தது போல இங்கே ஏன் விழவில்லை?”

அருமையான கேள்வி. இதற்கு விடை தந்தவர் டாண்டத்தில் பணிபுரிந்த ஜிம் கிரே. 1985-இல், கணிப்பொறிகள் ஏன் நிற்கின்றன என்பது பற்றி அவர் ஓர் அறிக்கை எழுதினார். நிரல்களில் உள்ள பிழைகளை அதில் இரண்டு வகையாகப் பிரிக்கிறார். ஒரு வகைக்கு நீல்ஸ் போரின் பெயர். போரின் அணு மாதிரியைப் போலக் கெட்டியான பிழை. அதே உள்ளீட்டைக் கொடுத்தால் எத்தனை முறையும் அதே இடத்தில் தவறும். இவற்றைச் சோதனையிலேயே பிடித்துத் திருத்திவிடலாம். இன்னொரு வகைக்கு ஹைசன்பர்க்கின் பெயர். பார்க்கப் போனால் மறைந்துவிடும்! இரண்டு வேலைகள் ஒரு குறிப்பிட்ட கணத்தில் மோதிக்கொண்டால் மட்டும் வரும். மறுபடி ஓட்டினால் அந்தக் கணம் திரும்ப அமையாது, பிழையும் வராது. கிரே ஓரிடத்தில் 132 நிரல் பிழைகளை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்றுதான் போர் வகை. மற்றவை எல்லாம் ஹைசன்பர்க் வகை. ஆகவே துணை நிரல் அதே வேலையைச் சற்றுப் பின்னால், சற்று வேறான சூழ்நிலையில் திரும்பச் செய்யும்போது பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. ஏரியானில் இருந்ததோ அசல் போர் வகைப் பிழை. அதே எண் வந்தால் ஆயிரம் பிரதிகள் வைத்திருந்தாலும் ஆயிரமும் விழும். இயற்பியல்காரன் என்பதால் இந்தப் பெயர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிரியம்.

ஆனால் இதயத் துடிப்பில் ஒரு பொல்லாத சிக்கல் இருக்கிறது. ரயில் இருக்கை விற்கும் இரண்டு சர்வர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ விற்கிறது, ‘ஆ’ காத்திருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கம்பி மட்டும் அறுந்துவிட்டது. இருவரும் நலமாக இருக்கிறார்கள்; ஆனால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. ‘அ போய்விட்டது, நான்தான் இனிப் பொறுப்பு’ என்று ‘ஆ’ நினைக்கும். ‘அ’ தன் பாட்டுக்கு விற்றுக்கொண்டேயிருக்கும். கடைசி ஜன்னலோர இருக்கை மதுரைக்காரர் ஒருவருக்கும் சேலத்துக்காரர் ஒருவருக்கும் விற்கப்பட்டுவிடும். மாற்று இல்லாமல் இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது!

இதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு சாட்சியை வைப்பது ஒன்று. மூவரில் இருவர் சேர்ந்திருக்கும் பக்கமே விற்கலாம். தனித்துவிடப்பட்டவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நல்ல சர்வர் அமைப்புகளில் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாகவே கணிப்பொறிகள் இருப்பதன் காரணம் இதுதான். மற்றொரு வழி சற்று முரட்டுத்தனமானது. பொறுப்பை ஏற்குமுன் ‘ஆ’ முதலில் ‘அ’வின் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். செத்துவிட்டதா என்ற சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது.

ஜிம் கிரேயின் அறிக்கைக்குத் திரும்புவோம். அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு பகுதி. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட டாண்டம் கணிப்பொறிகள் ஏழு மாதங்களில் எதனால் நின்றன என்று அவர் எண்ணிப் பார்த்தார். புதிதாக வந்த பொருள்களில் தொடக்கத்திலேயே தெரியும் கோளாறுகளைத் தள்ளிவிட்டால், இயந்திரப் பாகங்களால் வந்த நிறுத்தம் 18 சதவீதம்தான். நிரல்களால் 25. மின்தடை போன்ற சுற்றுப்புறக் காரணங்களால் 14. இயக்குவது, பராமரிப்பது, மாற்றியமைப்பது என்று மனிதர் கைபட்டதால் வந்தது 42 சதவீதம்!

பணத்தையெல்லாம் கொட்டி இரண்டிரண்டாக வாங்குவது அந்த 18-க்காக. பெரிய பங்கோ, வயரை மாற்றிச் செருகுகிற, தவறான பெயரைத் தட்டுகிற, கையேட்டைப் படிக்காமல் பொத்தானை அமுக்குகிற நம்மிடம் இருக்கிறது. எங்கள் மின்விசிறியும் அந்த 42-ஐச் சேர்ந்ததுதான். விசிறி கொண்டுவந்தவரைத் திட்டுவது சுலபம். அவர் செருகும்படியாக அந்தப் பாக்ஸைக் காலி இடத்தோடு தரையில் விட்டுவைத்தது யார்? மனிதர் தவறுவார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு வடிவமைக்காதவரே அதற்குப் பொறுப்பு. பாலம் கட்டுபவர் காற்றைக் கணக்கிடுகிறாரே, அப்படி.

இரட்டை டிஸ்கு இத்தகைய தவறிலிருந்து காப்பாற்றாது. அது கண்ணாடி மாதிரி. முகத்தில் கரியைப் பூசிக்கொண்டால் கண்ணாடியும் கரி முகத்தைத்தான் காட்டும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். அதற்குத் தனியாகப் பிரதி வேண்டும். முந்தைய நாள் நிலையில், வேறோர் இடத்தில்.

அந்தப் பிரதியிலும் ஒரு பள்ளம் உண்டு. கிட்லேப் என்பது நிரல் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் ஒரு நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர், இரண்டு சர்வர்களில் ஒன்றை அழிக்கப் போய் மற்றொன்றை அழிக்கத் தொடங்கிவிட்டார். உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 கிகாபைட் பதிவு போய்விட்டது. பரவாயில்லை, பிரதி இருக்கிறதே என்று தேடினார்கள். தானாகவே எடுக்கப்பட்டுவந்ததாக நினைத்த பிரதியின் இடம் காலியாக இருந்தது. பிரதி எடுக்கும் நிரல் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் யார் கைக்கும் வந்து சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் எடுத்துவைத்திருந்த நகல் கிடைத்ததால் பிழைத்தார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல் உலகறிய எழுதி வைத்தார்களே, அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

ஆகவே, வாங்குவதற்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை, வாங்கியதை வேண்டுமென்றே பழுதாக்கிப் பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். பஸ்ஸில் ஸ்டெப்னி டயர் இருக்கிறது. அதில் காற்று இருக்கிறதா என்பது பஞ்சர் ஆகும் அன்றுதான் தெரிய வேண்டுமா? வீடுகளுக்குத் திரைப்படங்களை அனுப்பும் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2011-இல் தன் வழக்கம் ஒன்றை வெளியே சொன்னபோது பலர் வியந்தார்கள். தங்கள் சர்வர்களில் ஏதாவது ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து அணைத்துவிடுவதற்கென்றே அவர்கள் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார்கள். அதற்குக் குரங்கு என்றே பெயர். பொறியாளர்கள் எல்லோரும் பணியில் இருக்கும் பகல் வேளையில் அது தன் வேலையைக் காட்டும். சேவை நிற்காவிட்டால் மகிழ்ச்சி. நின்றால் அதைவிட நல்லது. காரணத்தை அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம், நள்ளிரவில் எழுந்து ஓட வேண்டியதில்லை.

“இருக்கிறதே போதும், ஓடுகிற வண்டியைக் கெடுப்பானேன்” என்று சொல்பவர்கள் உண்டு. மருத்துவமனைச் சர்வரில் பட்டப்பகலில் குரங்கை விட வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். விடுமுறை நாளில், அறிவித்துவிட்டு, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு செய்யலாம். அதே போல எல்லோருக்கும் 99.999 சதவீதம் தேவையும் இல்லை. அது ஆண்டுக்கு ஐந்தேகால் நிமிட நிறுத்தம். பங்குச் சந்தைக்குச் சரி. இரவு ஒன்பது மணிக்குப் பூட்டும் ஜவுளிக் கடையின் சர்வர் நள்ளிரவில் இரண்டு மணி நேரம் நின்றால் யாருக்கு நஷ்டம்? அந்தக் கடைக்காரர் பழுதைத் தடுப்பதைவிட, விரைவாகச் சரிசெய்வதில் பணம் போடுவது புத்திசாலித்தனம். கிரே சொல்லும் கணக்கையே பாருங்கள்: அந்தக் காலத்துச் சாதாரணக் கணிப்பொறி நன்றாகப் பராமரித்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிற்கும், எழுப்ப 90 நிமிடம். அதை 9 நிமிடத்தில் எழுப்பக் கற்றுக்கொண்டால், ஒரு பழுதைக்கூடத் தடுக்காமலே நிறுத்த நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

எங்கள் கல்லூரிக் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புதிய சர்வர் எதுவும் வாங்கவில்லை. சுவரில் இரண்டு தனித்தனி மின்பாதைகள் போட்டு, ஒன்றை யூ.பி.எஸ். வழியாகவும் மற்றதை நேரடியாகவும் கொண்டுவந்தோம். தரையில் கிடந்த பாக்ஸை எடுத்துவிட்டோம். அந்தந்த நாளின் பிரதி ஒன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு கட்டடத்துக்குப் போகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் கையில் கடிகாரத்தோடு வந்து ஒரு வயரை உருவுவார். எந்த வயர் என்பது அவர் விருப்பம். பிறகு அந்தப் பிரதியிலிருந்து ஒருவருடைய கட்டண ரசீதைத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்வார்.

முதல் மாதத்திலேயே யூ.பி.எஸ். பேட்டரி இரண்டு நிமிடத்தில் கீழே போனது தெரிந்தது, மாற்றினோம். மூன்றாம் மாதம், பிரதிக்குப் போட்டிருந்த கடவுச்சொல் விடுப்பில் போயிருந்த ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்று தெரிந்தது. இப்போது அதை உறையிலிட்டு முத்திரை வைத்து முதல்வர் அறையில் வைத்திருக்கிறோம். சென்ற மாதம் நேரடி மின்பாதையின் வயரை உருவியபோது சர்வர் நிற்கவில்லை; ஆனால் அலுவலகத் திரைகள் எல்லாம் நாற்பது வினாடி இருண்டு போயின. ஏன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.